இரண்டு பேர் சொத்து

அந்த மாதம் பிரேக்கக்கா கண்டதற்கெல்லாம் பிரேக்கை மிதித்தாள். தெருக்கோடியில் நாய் படுத்திருந்தால் மிதித்தாள். காற்றில் பிளாஸ்டிக் பை பறந்து வந்தால் மிதித்தாள். கார் ஓட்டப் பழக வந்தவர்கள் ஸ்டீயரிங்கில் மூக்கை இடித்துக்கொள்ளாத குறை. ஒரு வங்கி அதிகாரி இறங்கும்போது, "கார் ஓட்டுறது நானா, நீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயரே அவளுக்குக் கிண்டலாக வைத்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. பழகுபவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று. மற்ற பயிற்சியாளர்கள் எடுத்ததற்கெல்லாம் தங்கள் பக்கத்து பிரேக்கை அமுக்கிவிடுவார்கள். இவளோ எதிரே லாரி வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, "தெரியுதில்ல? நீங்களே நிறுத்துங்க" என்பாள். அலறிக்கொண்டே கற்றுக்கொண்டவர்கள் பிறகு அவளைத் தேடி வந்து இனிப்பு கொடுத்தார்கள். ஸ்கூல் முதலாளிதான் முதலில் பிரேக்கக்கா என்று கூப்பிட்டார். அப்படியே ஒட்டிக்கொண்டது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு துணி ஃபேக்டரியில் பட்டன் துளை போடும் மெஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்தே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஃபேக்டரி வேன் ஓட்டியவரிடம் கெஞ்சி, மதியச் சாப்பாட்டு நேரங்களில் கிளட்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது ஃபேக்டரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். உட்கார்ந்தே பார்க்கிற வேலைதான், ஆனால் உட்கார்ந்த இடம் ஓடிக்கொண்டே இருக்கும். அது அவளுக்குத் தோதாக இருந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மரத்தூளையும் சோப்பையும் கலந்து கையிலுள்ள கிரீஸைத் தேய்த்துக் கழுவுவான். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும்.

கல்யாணமான புதிதில் அவர்களுக்கு இருந்தது ஒன்றரை அறை. கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவாள். மகள் பிறந்த பிறகு கதவுக்கு இந்தப் பக்கமும் ஆள் வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி சந்தோஷம் என்பது அவர்களுக்கு அப்போதெல்லாம் திருட்டுத் தீனி மாதிரி. சத்தம் வராமல், அவசர அவசரமாக, ருசி நாக்கில் படுவதற்குள் முடிந்துவிடும். மாமியார் காலமாகி, மகளும் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் வீட்டில் சத்தமே இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் வந்தன. அந்த மத்தியானங்களில் அவர்கள் ஒருவரையொருவர் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். தன் கணவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. 'எனக்கு நாற்பத்திரண்டு வயசுலதான் கல்யாணம் ஆச்சு' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். திங்கட்கிழமை காலை காரில் ஏறும்போது உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவள் அவன் பக்கத்தில் வந்து படுத்தபோது, அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லை. இனிமே இதெல்லாம் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன்."

"எதெல்லாம்?"

"இதுதான்." சுவரைப் பார்த்தே பேசினான். "வயசாகுது. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? காமத்தை ஒரு கட்டத்துல விட்டுடணும். அது மனுஷனைக் கீழேதான் தள்ளும்."

முதலில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். விலாவில் கிள்ளினாள். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட ஆரம்பித்தான்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்தப் பதற்றம். கண்ணாடி முன்னால் நின்று தன்னை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள். இடுப்பு பெருத்துவிட்டதா? அவன் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது முகர்ந்து பார்த்தாள். வழக்கமான கிரீஸ் வாசனையும் சிகரெட் வாசனையும்தான் வந்தன. அவன் மருந்துக் கடைப் பை ஏதாவது ஒளித்துவைத்திருக்கிறானா என்று அலமாரியைக் குடைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஏதாவது அகப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் நடக்கத் தோன்றியது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலில் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள், அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும்.

யாரிடம் சொல்வது? தங்கையிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தோழிகளிடம் சொன்னால், "இந்த வயசுல உனக்கு இது ஒரு குறையா? நாங்க எப்போ விடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கோம்" என்பார்கள். ஒருத்தி உண்மையிலேயே அப்படிச் சொன்னாள். இவள் எதையுமே சொல்லாமல், சும்மா பொதுவாகப் பேச்சை எடுத்ததற்கே அந்தப் பதில்.

அந்தச் சமயத்தில் அவளிடம் கார் பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒரு கல்லூரிப் பேராசிரியை இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தனியாக வசிப்பவள். சட்டமும் ஒழுக்கமும் பற்றிய பழைய சமஸ்கிருத நூல்களைப் படித்துப் பாடம் சொல்வது அவள் தொழில். பேச்சில் கெட்டிக்காரி. யூ டர்ன் என்றால் மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடும். அவள் இவளை அக்கா என்பாள், இவள் அவளை டீச்சர் என்பாள்.

ஒரு நாள் காலை, வெறும் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்ததற்கே பிரேக்கக்கா பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

"அக்கா, வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்லை. முதல் கியர் போடுங்க." கார் நகர்ந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. "டீச்சர், நீங்க பழசெல்லாம் படிச்சவங்கதானே. காமம் பாவமா?"

டீச்சரின் கால் கிளட்ச்சை விட்டுவிட்டது. வண்டி உதறிக்கொண்டு நடுரோட்டில் நின்றது. பின்னால் ஆட்டோக்காரர் ஹார்னை அழுத்திப் பிடித்தார்.

"முதல்ல வண்டியை எடுங்க. பதிலை அப்புறம் சொல்லுங்க."

மூன்று முறை முயன்று வண்டியை எடுத்த பிறகு, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் டீச்சர் பேசினாள். "மனுஷன் தேட வேண்டியது நாலுன்னு வச்சாங்க அக்கா. அறம், பொருள், இன்பம், வீடு. பாவமா இருந்தா அந்த வரிசையில இன்பத்துக்கு எதுக்கு இடம் கொடுக்கணும்?"

"அப்போ விட்டுடணும்னு சொல்றாங்களே?"

"துறவிக்குச் சொன்னது அது. வீட்டுல இருக்கறவங்களுக்குச் சொன்னது வேற. சாப்பாடு மாதிரி உடம்புக்கு வேணும், ஆனா அளவு தெரியணும்னாங்க. அறத்தைத் தாண்டாத ஆசையில குத்தமில்லைன்னாங்க."

"எது தாண்டுறது? இண்டிகேட்டர் போடுங்க."

"அடுத்தவங்களுக்கு உரியதை எடுக்கறது. ஏமாத்தறது. அதே நினைப்பா இருந்து மத்த கடமையை எல்லாம் கோட்டை விடறது. ஒண்ணு இன்னொண்ணைத் தின்னக் கூடாது, அவ்வளவுதான்."

பிரேக்கக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "புருஷன் தானாவே ஒரு நாள் முடிவு பண்ணி, போதும்னு விட்டுட்டா?"

யாரைப் பற்றிய பேச்சு என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "உரிய காலத்துல மனைவியை நாடாத கணவன் மேல குத்தம்னு எழுதியிருக்காங்க. பெரும்பாலும் பிள்ளை வேணும்ங்கறதுக்காகச் சொன்னதுதான், ஆனாலும் குத்தம் குத்தம்தான். வீட்டை விட்டுக் காட்டுக்குப் போறதானாலும் அவளைக் கூட்டிக்கிட்டுப் போகணும், இல்லை அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போகணும். அவ பாட்டுக்கு இருக்கட்டும்னு போக முடியாது."

"பார்த்தீங்களா!" பிரேக்கக்கா டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினாள். கார் மறுபடியும் நின்றுபோனது.

"ஆனா முழுசாச் சொல்லிடறேன்" என்றாள் டீச்சர். "அதே புத்தக அலமாரியில அசிங்கமும் இருக்கு. பெண்டாட்டி மாட்டேன்னா அடிச்சு வழிக்குக் கொண்டு வான்னு சொன்னவங்களும் இருந்தாங்க. இன்னொரு பக்கம் இன்பத்தைப் பத்தியே எழுதினவங்க, அவ மனசு இளகற வரைக்கும் தொடாதே, பலவந்தம் பண்ணினா ஆம்பிளை ஜாதியையே வெறுத்துடுவான்னு சொன்னாங்க. எழுதினது எல்லாம் ஆம்பிளைங்க. ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லை."

"அப்போ நாமதான் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கணும்."

"எல்லாரும் அதைத்தான் பண்றாங்க அக்கா. ஒத்துக்கத்தான் மாட்டாங்க."

அன்று சாயங்காலம் அவன் கை கழுவிக்கொண்டிருக்கும்போது பிரேக்கக்கா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். காமம் நாலில் ஒன்று என்றாள். வீட்டில் இருப்பவன் சாமியார் மாதிரி நடப்பதுதான் குற்றம் என்றாள். பெண்டாட்டியைக் கேட்காமல் ஒதுங்கியவனுக்குப் பெரியவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று, தனக்கே தெரியாத ஒன்றையும் சேர்த்துக் கேட்டாள்.

அவன் குழாயை மூடினான். "யார்கிட்டப் போய்ப் பேசின?"

"என்கிட்டப் பழகறவங்ககிட்ட."

"நம்ம வீட்டு விஷயத்தைத் தெருவுல வச்சா பேசுவ?"

"தெருவுல இல்லை. காருக்குள்ள. கண்ணாடியை ஏத்தித்தான் விட்டிருந்தேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வரப் பார்த்தது, ஆனால் வரவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "குத்தம் என் மேலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கடுத்த ஞாயிறு, அவள் எதிர்பார்க்கவே இல்லை, அவனே திரையை இழுத்துவிட்டு வந்தான். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தான். பிறகு அவள் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தான், டாக்டர் மேஜையில் படுப்பது போல. அவள் அவன் மார்பில் கை வைத்தாள். உள்ளே இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. ஆசையில் அடிப்பதும் பயத்தில் அடிப்பதும் அவளுக்குத் தெரியாதா? கழுத்தெல்லாம் குளிர்ந்த வியர்வை. அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"எழுந்திரிங்க" என்றாள்.

"ஏன்? நீதானே கேட்ட?"

"நான் இதைக் கேக்கலை. சர்வீஸுக்கு வந்த மாதிரி வந்து படுத்தா? கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா நான்?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். இருவரும் கட்டிலின் இரு ஓரங்களில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. யாரோ எழுதிவைத்த நியாயத்தைக் கொண்டுவந்து, இந்த மனிதனை இழுத்து இங்கே படுக்கவைத்துவிட்டோமே என்று கூசியது. மனசு இளகற வரைக்கும் தொடாதே என்று டீச்சர் சொன்னது பெண்ணுக்கு மட்டும்தானா என்ன?

"ஜெயிச்சுட்டேன் டீச்சர்" என்றாள் மறுநாள் காரில். "ஜெயிச்சதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

அந்த வாரமே அவன் பைக் பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. காலையில் வேலை இடத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லி டிரைவிங் ஸ்கூல் காரில் அவனை ஏற்றிக்கொண்டாள். வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். சரக்கு ரயில், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கக்கா எஞ்சினை அணைத்தாள்.

"ஒரு விஷயம் கேக்கறேன். கத்த மாட்டேன், அழ மாட்டேன். வேற யாராவது இருக்காங்களா?"

அவன் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. கன்னத்தில் அறைந்தது போல் விழித்தான். "இப்படியா நினைச்சுக்கிட்டு இருந்த? இத்தனை நாளா?"

"வேற எப்படி நினைக்கச் சொல்றீங்க? நீங்கதான் ஒண்ணும் சொல்லலையே."

ரயில் பெட்டிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் இருந்ததால்தான் அவனால் சொல்ல முடிந்ததோ என்னவோ, மடியில் வைத்திருந்த டூல் பையைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் ஐந்து மாடிக்கு லிஃப்ட். லிஃப்ட் கூண்டுக்குள் பாரமான பெட்டிகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இவன் அதன் கூரைமேல் ஏறி நின்று வேலை பார்த்திருக்கிறான். மேலே மோட்டாரின் பிரேக் தேய்ந்துபோயிருந்தது. கூண்டு சறுக்க ஆரம்பித்துவிட்டது. இருட்டில், காலடியில் தரை ஓடுகிறது, சுவர்கள் மேலே பறக்கின்றன. பிடிக்க எதுவுமில்லை. இரண்டு மாடி இறங்கியதும் பயங்கரச் சத்தத்தோடு எதுவோ கவ்வி நின்றது. மறுபடி விடுமா விடாதா என்று தெரியாது. கூட வந்தவர் மேலே போய் மோட்டாரைக் கையால் சுற்றிக் கூண்டை ஏற்றும்வரை அங்கேயே குந்தியிருந்தான்.

"அப்போ வேண்டிக்கிட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதைக் கொடுத்துடறேன், என்னை மேலே ஏத்திவிடுன்னு."

"ரொம்பப் பிடிச்சது எது?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

கேட் திறந்தது. முன்னால் நின்ற வண்டிகள் போய்விட்டன. பின்னால் ஹார்ன்கள் அலறின. பிரேக்கக்கா சாவியைத் திருகி, கியர் போட்டு, கிளட்ச்சை விட்டாள். கார் உதறி நின்றது. நேற்றுப் பழக வந்தவள்போலத் தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். செத்துப் பிழைத்து வந்திருக்கிறான், வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை. அத்தனை பயத்திலும் அவனுக்கு ரொம்பப் பிடித்ததாக நினைவுக்கு வந்தது இவள். இவளையே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"உங்க பங்கை நீங்க கொடுத்தீங்க. சரி" என்றாள். "அதுல பாதி என்னுதில்லையா? என் பங்கை யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"யோசிக்க நேரமில்லையே" என்றான் அவன், மன்னிப்புக் கேட்பது போல.

உண்மை தெரிந்துவிட்டால் நிம்மதி வரும் என்று அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதில் புதிதாக ஒரு பயம் வந்து குடியேறியது. எந்த உயரமான கட்டிடத்தைப் பார்த்தாலும் அதன் வயிற்றுக்குள் ஒரு இருட்டுக் கிணறு இருக்கிறது, அதில் இவன் நிற்கிறான் என்று தோன்றியது. பயிற்சிக்கு நடுவே ஃபோன் போடுவாள். உள்ளே சிக்னல் இருக்காது. மணி அடிக்காமல் போனால் அடுத்த நிமிடமே மறுபடி போடுவாள். அதைவிட மோசம், அவன் வேண்டுதலுக்கு இவளும் பயப்பட ஆரம்பித்ததுதான். நான் வாதாடி வென்று, அவன் வாக்கை மீறி, அடுத்த நாளே ஒரு கயிறு அறுந்தால்? ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவளே திரையைத் திறந்து வைத்தாள். பகல் வெளிச்சம் முழுக்க அறைக்குள் வந்து விழுந்தது.

"சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா டீச்சர்?" என்று கேட்டாள், நடந்ததைச் சொல்லி.

டீச்சர் அன்று யூ டர்ன் பழக வேண்டும். சாலையோரம் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டபடி யோசித்தாள். "ரெண்டு பேருக்குப் பொதுவான சொத்தை ஒருத்தர் மட்டும் தானம் பண்ணினா அது செல்லாதுன்னு சட்டம் பேசினவங்க சொல்லியிருக்காங்க. பயத்துல கொடுத்ததும் செல்லாது. ஆனா அது நிலம், வீடு பத்தின பேச்சு. அதைக் கொண்டுவந்து இதுல மாட்டறது என் சாமர்த்தியம். பெரிய பண்டிதர் யாராவது கேட்டா என்னை வெளுத்து வாங்கிடுவார்."

"செல்லாத தானத்தை வாங்கிக்கிட்டவருக்குக் கோபம் வராதா?"

"வாங்கினவர் யாரு? நாம சொல்ற மாதிரி அவர் எல்லாம் தெரிஞ்சவர்னா, பாதி உங்களுதுன்னும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும் இல்லையா?"

பிரேக்கக்கா அதை மென்றுகொண்டே இருந்தாள். டீச்சர் வண்டியைத் திருப்பியபோது எதிரே வந்த பஸ்ஸை இவள் பார்க்கவே இல்லை. டீச்சர் தானாக பிரேக் போட்டு, பஸ்ஸை விட்டு, திரும்பி முடித்து, "அக்கா, திரும்பிட்டேன்!" என்று கத்தியபோதுதான் விழித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் கணவன் அன்று வேலைக்குப் போயிருந்த அதே பழைய கிடங்குக்கு நேரே போய் நின்றாள். "நீங்க விழுந்த இடத்தை எனக்குக் காட்டுங்க."

அவன் மறுத்துப் பார்த்தான். அவள் நகரவில்லை. கடைசியில் கிடங்கு மேற்பார்வையாளரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படியேறி அழைத்துப் போனான். மொட்டைமாடிக்குக் கீழே மோட்டார் அறை. எண்ணெயும் சூடான இரும்புமாக ஒரு வாடை. புதிதாக மாற்றிய பிரேக்கைக் காட்டினான். பிறகு மேல்மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கூண்டைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி நிறுத்தி, பக்கவாட்டில் கூண்டைப் பிடித்து நடத்தும் இரும்புத் தண்டவாளத்தை டார்ச் அடித்துக் காட்டினான். ஓரிடத்தில் இரும்பில் ஆழமான கீறல்கள், ஏதோ மிருகம் கடித்தது போல.

"இது என்ன?"

"கூண்டுக்கு அடியில இரும்புத் தாடை மாதிரி ஒண்ணு இருக்கும். வேகம் மிஞ்சினா அது தண்டவாளத்தைக் கவ்விக்கும். அது கவ்வின தழும்பு."

"அதைச் சரிபார்த்து வச்சது யாரு?"

"நான்தான். அதுக்கு முந்தின மாசம்."

"அப்போ உங்களைக் காப்பாத்தினது உங்க வேலை."

"அந்த நேரத்துல அதைக் கவ்வ வச்சது யாரு?"

அவள் வாதாட வரவில்லை. குனிந்து அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பிடியை விடவே இல்லை.

"சரி" என்றாள். "கொடுத்தே தீரணும்னா கொடுங்க. ஆனா உங்களுக்கு மட்டும் சொந்தமானதாப் பார்த்துக் கொடுங்க. சிகரெட்டைக் கொடுங்களேன்."

"ரொம்பப் பிடிச்சதைக் கொடுக்கறேன்னு சொல்லிட்டேனே. சிகரெட் அவ்வளவு ஒண்ணும் பிடிக்காது."

பிரேக்கக்கா இடுப்பில் கை வைத்தாள். "பிடிக்காதா? இருபது வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன். விட முடியலை, உயிரோட கலந்துடுச்சுன்னு யாரு சொன்னா? பிடிக்காமயா அதை ஊதித் தள்ளினீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் அடைத்துவைத்த சிரிப்பு. மேல்மாடி லிஃப்ட் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கீழேயிருந்து மேற்பார்வையாளர், "மேலே என்ன சத்தம்?" என்று குரல் கொடுத்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவன் சிகரெட்டை விட்டான். விட்டு, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தான். எல்லோர் என்றால் இவள் ஒருத்திதான். ஞாயிறுகள் வந்து போயின. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு மகா கஷ்டம், கால் விரல்கள் போர்வைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்ட மத்தியானத்தில் அவன்தான் பேசினான்.

"பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்."

கொஞ்சம் கழித்து, "ஆசையாவும் இருக்கு" என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "கடமைக்கு இல்லையே?"

"கடமைக்கா இருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேனே."

மார்பில் கை வைத்துப் பார்த்தாள். வேகமாகத்தான் அடித்தது. இது வேறு மாதிரி. எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவளுக்கு நரகம். காலையிலிருந்து எந்த வண்டி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பழக வந்த பெண்ணையே, "உங்களுக்கு ரொம்பத் தலைவலியா அக்கா?" என்று கேட்க வைத்துவிட்டாள். மதியம் ஃபோன் அடித்தது. "மேலே வந்துட்டேன்" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு லிஃப்ட்டிலிருந்தும் வெளியே வந்ததும் அப்படி ஒரு ஃபோன் போடுவது வழக்கமாகிவிட்டது. அவள் அதை எடுத்து "ம்" என்பாள். பழகுபவர்கள் யாரோ ரொம்ப முக்கியமான ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டீச்சர் லைசென்ஸ் வாங்கிப் போன பிறகும் எப்போதாவது டீ குடிக்க வருவாள். ஒரு முறை பிரேக்கக்கா கேட்டாள், "இன்பம் கிடைச்சா மனசு அடங்கணும்ல டீச்சர்? எனக்கு இப்போவும் ஆடிக்கிட்டே இருக்கே. முன்னே கிடைக்கலைன்னு பதறினேன், இப்போ போயிடுமோன்னு பதறறேன்."

"அதுக்குத்தான் நாலாவதா ஒண்ணை வச்சிருக்காங்க அக்கா. எல்லாத்தையும் விட்டு வெளியே போறது."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பிரேக்கக்கா டீயை ஊதினாள்.

அந்த வருட விடுமுறைக்கு மகள் வந்தாள். வந்தவள் ஒரு மாதம் டேரா போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து மொபைலில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்த வழியாக நான்கு தடவை சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். அம்மா துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஏன் ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கறீங்க?" என்றாள் மகள்.

"புழுக்கமா இருக்கு" என்றான் அப்பா.

"மழை பெய்யுதுப்பா."

"அதான் புழுங்குது" என்றாள் அம்மா. "உன் ஃபிரெண்டு யாரோ சினிமாவுக்குக் கூப்பிட்டான்னு சொன்னியே. போயிட்டு வாயேன். குடை எடுத்துக்கிட்டுப் போ."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி, "படம் மூணு மணி நேரம்" என்று சொல்லிவிட்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். உள்ளே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.